கதவில் பதினோரு கோடுகள்

உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொண்டவர் அவர். புகையில் சிவந்த கண்கள். காதில் செருகிய சாக்பீஸ். மணிக்கொருமுறை எழுந்துபோய் இரும்புக் கதவில் ஒரு கோடு போடுவார். சூட்டைக் கணினியே பார்த்துக்கொள்ளும்போது இது எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் கணினியின் மென்பொருளைப் புதுப்பிக்கத்தான் போயிருந்தேன். உள்ளே காய் பாதி காய்ந்திருந்தது.

"இந்தக் காய் காஞ்சு இறங்கட்டுமே சார்," என்றார்.

"ரெண்டே நிமிஷம். நிறுத்திட்டு உடனே ஓட விட்ருவேன்."

"நிறுத்துறது சரி சார். திரும்ப எந்திரிச்சா, எந்த மணியில விட்டோம்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். சோதித்துப் பார்த்ததே இல்லை.

மீண்டும் ஓடத் தொடங்கியதும் திரையில் 'முதல் மணி' என்று வந்தது. ஈரக் காய்க்கு வைக்கும் சூடு பாதி காய்ந்த காயின்மேல் ஏறியது. பச்சை வெளுத்தால் அத்தனையும் வீண்.

அவர் சுவிட்சைத் திருப்பிக் கணினியைத் துண்டித்தார். கதவின் பதினோரு கோடுகளை எண்ணி, அந்த மணிக்கு உரிய அளவுக்குச் சூட்டைக் கையாலேயே தணித்தார்.

மலையிறங்கும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நான் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அவர் கை அந்தச் சுவிட்சின்மேல் இருந்தது.