நான் வெட்டிய தகடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாடகை ஷெட்டில் ஒரு பழைய லேத்தை வைத்துத் தொழில் ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு மூன்று லேத், சொந்த ஷெட், ஆவடியில் மாடி வீடு, எஞ்சினியர் மகன். செம்பரம்பாக்கம் பக்கம் வாங்கிய மனையில் தண்ணீரே வராது என்றார்கள். போர் போட்டு வரவழைத்தேன். இத்தனைக்கும் படிப்பு அஞ்சாம் கிளாஸ். அந்தத் திமிரில்தான் கார் பிரேக்கிலும் கை வைத்தேன்.

மருமகள் காரில்தான் வேலைக்குப் போய்வருவாள். ஒரு வாரமாக கேட்டுக்குள் நுழையும்போது பிரேக் கீச்சென்று கத்தியது.

"மெக்கானிக் அண்ணாகிட்ட விட்டுடறேன் மாமா."

"நாப்பது வருஷமா இரும்போட குடும்பம் நடத்தறேன். எனக்குத் தெரியாத சத்தமாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்துகிற பிரேக் பேடின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு தகடு நீட்டிக்கொண்டு டிஸ்க்கை உரசிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் நீட்டிக்கொண்டு நின்றால் அது பிசிறு. பிசிறோடு அனுப்பினால் கம்பெனிக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவான். கை தானாகப் போயிற்று. நான்கு பேடிலும் பார்த்து வெட்டினேன். வெட்டிய இடத்தை அரம் போட்டு வழவழப்பாக்கினேன். சத்தம் நின்றது.

"வெறும் தூசிம்மா, தொடச்சிட்டேன்" என்றேன். நம்பினாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பூந்தமல்லி சிக்னலில் பிரேக் சரியாகப் பிடிக்காமல், நின்றிருந்த தண்ணீர் லாரியின் பின்னால் கார் மோதியது. அவளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். நல்லவேளை, அதோடு போயிற்று.

காரை இழுத்துக்கொண்டு மருமகளோடு நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், நாலு பேர் பார்க்கக் கத்தினேன். "போன சர்வீஸ்ல இன்னாத்த பாத்த நீ?"

அவன் பேடுகளைக் கழற்றினான். பேடின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் முழுக்கத் தேய்ந்து அடியிலிருந்த இரும்பு தெரிந்தது.

"பேடு தேஞ்சா கத்தறதுக்குன்னே ஒரு தகடு வெச்சிருப்பாங்க நைனா. அத்த எவனோ வெட்டிக்கீறான்." வெட்டிய இடத்தை விரலால் தடவினான். "சொம்மா சொல்லக்கூடாது, பிசிறே இல்ல. தொழில் தெரிஞ்ச கை."

பக்கத்தில் நின்ற மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய ஃபேன் பெல்ட்டுகளைப் பார்த்தேன். என் வேலையை யாராவது புகழ மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். புகழ்ச்சி வந்த அன்று தலை நிமிரவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "இருக்கறதுலயே கெட்டியா, தேயாத பேடா போடு" என்றேன்.

"தேயறதுக்குத்தான் நைனா பேடு. அது தேயலன்னா டிஸ்க்கு தேஞ்சிடும்."

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். மருமகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதுல எதுலண்ணா அந்தத் தகடு இருக்கு?" அதையே போடச் சொன்னாள்.

வீட்டில் மகன் கேட்டபோது, "பேடு தேஞ்சிருந்ததை யாரும் கவனிக்கலைங்க" என்று முடித்துக்கொண்டாள். என் மானத்தைக் காப்பாற்றினாள். மகன் வேறு மாதிரி புரிந்துகொண்டான். "இனிமே அந்த ஆள்கிட்ட வண்டி விடாதே" என்றான். அப்போதும் நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கார் இப்போது வேறு ஷெட்டுக்குப் போகிறது.

சொந்தக்காரர்களே, சிநேகிதர்களே, வீடு யார் கட்டியது, லேத் யார் வாங்கியது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் பெயரைச் சொல்லச் சொல்லி உங்கள் உயிரை எடுத்திருக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை; இதையும் நீங்களே சொல்லுங்கள். அந்த மெக்கானிக்கின் ஷெட்டில், நான் கத்தியதைக் கேட்ட அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள்: தகட்டை வெட்டியது நான். அவன் மேல் தப்பில்லை.