எல்லப்பன் வண்டியின் கொதிப்பு

மண்ணூரில் எல்லப்பன் வீடு எது என்று கேட்டால் நான்கு பேர் நான்கு வீட்டைக் காட்டுவார்கள். பிளஷர்காரர் வீடு என்று கேட்டால்தான் சரியான வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். பூந்தமல்லி டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய அம்பாசடர் காரை, ஊர்ப் பேச்சில் பிளஷரை, எழுபத்தொன்பதில் வாங்கியதிலிருந்து அவருக்கு அதுதான் பெயர்.

அதற்கு முன்னால் பதினாறு வருடம் அடுத்தவன் லாரியை ஓட்டினார். கைதட்டிக் கூப்பிடுவார்கள், ஓடவேண்டும். பிள்ளைப்பாக்கத்தில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று மனைவி மரகதத்திடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இனிமே எவனும் என்னிய கைதட்டிக் கூப்புட முடியாது."

அப்படியே ஆயிற்று. பெண் பார்க்கப் போனவர்கள், காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்கப் போனவர்கள், இரண்டு பேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று பேராகத் திரும்பியவர்கள் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பாதிப்பேர் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான். இந்தத் தொண்ணூற்றொன்றில், மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் போலீஸ் எல்லா வண்டியையும் நிறுத்திச் சோதித்தபோதுகூட, "பிளஷர்காரரா, போங்க" என்று கயிற்றை இறக்கிவிடுவார்கள்.

எல்லாம் ஆவணி வரைக்கும்தான். ஆவணியில் ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டி கொதித்து நின்றது. பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்கூட இல்லை. மாப்பிள்ளை பட்டுவேட்டியும் மாலையுமாக டவுன் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மண்டபம் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டுக்காரரும் எல்லப்பன் வாசலுக்கு வரவில்லை.

பெங்களூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் யாக்கோபு மூன்று தடவை பார்த்தார். பிளக்கைக் கழற்றினார், ஃபேன் பெல்ட்டை மாற்றினார், ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லப்பா, இன்ஜினு உள்ளயே பூட்ச்சிடா. பிரிச்சி சிலிண்டரக் கடைஞ்சி போர் அடிக்கணும். அதுக்கு ஆவற துட்டுக்கு இந்த வண்டியே வொர்த் இல்ல. பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இரு."

நிம்மதி எங்கே வந்தது? ரோட்டோரம் புதிதாகத் திறந்திருந்த ஒரு கம்பெனியில் வேன் டிரைவர் வேலை காலியாக இருந்தது. சூப்பர்வைசர் பையனுக்கு அவருக்கு மகனாகும் வயதுதான் இருக்கும். "ஒண்ணாந் தேதி வந்துடு பெரிசு. ஆறு மணி ஷிஃப்ட். லேட்டானா அரைநாள் கட்" என்றான். காக்கித் துணியும் கொடுத்தான். அந்தத் துணி தைக்காமல் அலமாரி மேலேயே கிடந்தது. மரகதம் அதைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், தூசியைத் தட்டி அங்கேயே வைப்பாள்.

புதுப்பேட்டைப் பழைய இரும்பு வியாபாரி தாண்டவராயன் திங்கட்கிழமை லாரியோடு வருவதாகப் பேச்சு. கார்புரேட்டரையும் டைனமோவையும் மட்டும் யாக்கோபு எடுத்துக்கொள்வார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிறன்று வந்த மனிதரைச் சாப்பிடாமல் விடமுடியுமா? மரகதம் ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள்.

யாக்கோபு சோற்றில் குழி பறித்துக் குழம்பை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்தார்.

"இன்னா தங்கச்சி, ருசி நல்லாத்தான் கீது. ஆனா கொழம்பு காமாலைக்குப் பத்தியம் வெச்சா மாரி வெளுத்துப்போய்க் கீதே?"

"மஞ்சத்தூளு இல்லண்ணே. டப்பாவ வழிச்சிப் போட்டும் பத்தல."

"கடையில இல்லியா?"

"கடையில கீது. வூட்லதான் தங்க மாட்டேங்குது. மாசம் அரைக் கிலோ வாங்குறேன். கொழம்புக்கு ஒரு ஸ்பூனு, மீதியெல்லாம் தோ வெளிய நிக்குதே மகராசி, அதுக்கு."

எல்லப்பனுக்குக் கையில் எடுத்த மீன்துண்டு கையிலேயே நின்றது. யாக்கோபு மெதுவாகத் திரும்பினார்.

"எல்லப்பா. ரேடியேட்டர்ல மஞ்சத்தூளு போடுறியா?"

எல்லப்பன் மீனில் முள்ளைத் தேட ஆரம்பித்தார்.

"உன்னியத்தாண்டா கேக்குறேன்."

"லீக்குண்ணே. லாரில இருக்கும்போது பழகினது. ஒரு கை போட்டா நின்னுடும்."

"எத்தினி வருசமா?"

"அஞ்சாறு வருசம். இப்ப கொதிக்க ஆரம்பிச்சதும் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

"நான் பாத்தப்பல்லாம் தண்ணி சுத்தமாத்தானே இருந்துது?"

எல்லப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஷெட்டுக்கு வரதுக்கு முன்ன, வழியில பம்புசெட்டாண்ட நிறுத்தி எல்லாத்தியும் எறக்கிட்டு நல்ல தண்ணி ஊத்திகினு வருவேன்."

மஞ்சள் போட்ட வண்டியைக் கண்டால் யாக்கோபு ஷெட்டையே இரண்டாக்கிவிடுவார் என்பது அந்த ரோட்டில் எல்லா டிரைவருக்கும் தெரியும். ரேடியேட்டர் என்ன குழம்புச் சட்டியா என்று நாலு பேர் நடுவில் கேட்டு மானத்தை வாங்குவார். அந்தப் பேச்சுக்குப் பயந்து எல்லப்பன் தண்ணீரை மாற்றினாரே தவிர, உள்ளே குழாய்களில் வருடக்கணக்காக அப்பிக்கொண்டிருந்த மஞ்சளை எப்படி மாற்றுவார்? அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. கொதிக்கும் வண்டிக்கு மருந்து கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருகிட்டப் போறதுக்கு முன்ன ஜுரத்த வூட்லயே வெச்சிட்டுப் போனவன் நீ ஒருத்தன்தாண்டா!" என்று எழுந்த யாக்கோபு, கையைக் கழுவும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மரகதத்திடம் கொடுத்தார். கார்புரேட்டருக்காகக் கொண்டுவந்த ஸ்பேனரால் ரேடியேட்டரைக் கழற்றினார்.

கழற்றிய ரேடியேட்டரைப் பக்கத்துக் கொல்லை மோட்டார் தண்ணீரில் குப்புறப் பிடித்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, ஒருமணி நேரம் ஊறவிட்டு மறுபடி பிடித்ததும் கட்டிகட்டியாக, சேறு மாதிரி, பளீரென்ற மஞ்சளில் வந்து விழுந்தது. வாய்க்கால் பாத்திவரை மஞ்சளாக ஓடியது.

"இதுல ரெண்டு கல்யாணத்துக்கு நலங்கு வெக்கலாம்" என்றாள் மரகதம்.

லீக் இருந்த இடத்தில் யாக்கோபு ஈயம் வைத்தார். மாலை நான்கு மணிக்கு ரேடியேட்டரை மாட்டி, எல்லப்பன் வண்டியை எடுத்தார். பக்கத்தில் யாக்கோபு, பின்சீட்டில் மரகதம். ஏரிக்கரை வந்தபோது எல்லப்பனின் முதுகு சீட்டில் படவில்லை. மாப்பிள்ளை இறங்கிய இடம் வந்தது. கடந்தது. பானட்டின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பூந்தமல்லிவரை போய்த் திரும்பினார். ஒரு துளி ஆவி இல்லை.

"போர் அடிக்க வாணாமாண்ணே?"

"பொக கொஞ்சம் அடிக்குது. வயசான வண்டி, இருமத்தான் செய்யும். நாலு வருசம் ஓடும். நானும் ரேடியேட்டர அன்னைக்கே கழட்டிப் பாத்திருக்கணும். தண்ணியப் பாத்து ஏமாந்துட்டேன்."

எல்லப்பன் முதுகைச் சீட்டில் சாய்த்தார். நாளைக்குத் தாண்டவராயன் லாரியோடு வந்து கத்துவான். கத்தட்டும், ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பலாம். காக்கித் துணியை அந்தப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வண்டியிலேயே போய்.

மண்ணூர் திருப்பத்தில் பின்சக்கரப் பக்கமிருந்து லேசாக 'ஊம்' என்று ஒரு முனகல் கேட்டது. யாக்கோபு காதைச் சாய்த்தார்.

"இன்னாடா சத்தம் அது?"

வேறொரு நாளாக இருந்தால் எல்லப்பன், ரோடு சரியில்லை என்றிருப்பார்.

"அண்ணே, இத்தயும் சொல்லிடறேன். பின் அச்சுல, டிஃபரன்ஷியல் பல்சக்கரத்துல சத்தம் வருதுன்னு எண்பத்தஞ்சுல..."

"ம்?"

"ரெண்டு மொந்தன் வாழப்பழம் போட்டேன்."

யாக்கோபு பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உப்பு, புளி, மொளகாயெல்லாம் வூட்ல அளவாத்தானே கீது?"