அடி வாங்கும் ரப்பர்

பேசிக்கொண்டிருக்கும்போதே அனுசுயாவின் கை எதிரில் நிற்பவரின் பனியன் கழுத்துக்குப் போய்விடும். இரண்டு விரலால் இழுத்து, விட்டு, அது பழையபடி சுருங்குகிறதா என்று பார்ப்பாள். பால் ஊற்ற வருகிறவர் இதற்குப் பழகிவிட்டார். ஒரு கையில் கேன், மறுகையில் அளவுக் குவளை என்று கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்.

"அண்ணே, இது ரெண்டு தண்ணிக்குத் தாங்காது. எங்க வாங்குனீங்க?"

"எங்கூட்டுக்காரி எடுத்ததுங்க."

"அப்ப அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க."

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நூல் வெட்டும் குட்டிக் கத்தரி எலாஸ்டிக்கில் கோத்துக் கழுத்தில் தொங்கும், ஞாயிற்றுக்கிழமையும் இறங்காது. மாவு பாக்கெட், மாத்திரை அட்டை, கீரைக் காம்பு எல்லாவற்றுக்கும் அதுதான். கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் பையன்களிடம், சரியாகப் பார்க்கச் சொல்லி, "டீக் சே தேக்கோ பையா" என்று சங்கரன்கோவில் ராகத்தில் இந்தி பேசுவாள். அவர்களும் அதே ராகத்தில் "சரிக்கா" என்பார்கள். பிடிக்காத எதற்கும் அவளிடம் ஒரே தீர்ப்புதான்: "இது பாஸாகாது." சட்டை, சாம்பார், சொந்தக்காரர் தங்கள் பெண்களுக்காகக் கொண்டுவந்து காட்டும் மாப்பிள்ளை ஜாதகம் என்று எதுவும் தப்பியதில்லை.

வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை பத்மினி கார் அவள் கணவன் இசக்கிமுத்துவுடையது. எண்பதுகளில் வந்த வண்டி. கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகெலும்பில் தட்டு விலகி அவனால் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போனபோது, அனுசுயா ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினாள். ஆபரேஷன் முடிந்து அவனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து அழைத்து வந்ததும் அவள்தான். குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட சாலை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இசக்கிமுத்து கத்தினான். வீடு வந்து சேர்ந்தபோது அவன் சட்டை முழுக்க வியர்வை. அன்றைக்கு இறங்கியவன் மறுபடி அதில் ஏறவில்லை.

ஆட்டோவிலும் ஏறவில்லை. தினமும் வெளியே போக வேண்டும், நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இசக்கிமுத்து ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். ஜன்னலுக்கு வெளியே கார் நின்றது. அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினான்.

"வித்துரு. தரணீதரன் கேட்டுக்கிட்டே இருக்கான்லா. ஓடாத வண்டியக் கெட்டி வச்சு என்ன செய்யப் போற?"

தரணீதரன் பழைய கார்களை வாங்கி, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்ள வாடகைக்கு விடுகிறவன். பத்மினியைப் பார்த்ததும் பிடித்துப்போய், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அனுசுயா கம்பெனியில் தையல் மெஷின் பழுது பார்க்கும் சகாயராஜை அழைத்து வந்து, வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னாள்.

பின்சக்கரங்களுக்கு மேலே வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளின் முனையில் வளையங்கள் உண்டு. வளையத்துக்குள் கெட்டியான ரப்பர் புஷ் இருக்க வேண்டும். சகாயராஜ் டார்ச் அடித்துக் காட்டினான். ரப்பர் நசுங்கி, பொடிந்து, ஒரு பக்கம் தாளாகப் போயிருந்தது.

"பட்ட நல்லாத்தான் இருக்குக்கா. புஷ்தான் செத்துப்போச்சு."

அனுசுயா விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். கரி மாதிரி உதிர்ந்தது. அவள் தீர்ப்பைச் சொல்லக்கூட இல்லை.

கோயமுத்தூருக்கு பஸ் ஏறிப்போய்ப் பழைய பாகங்கள் விற்கும் கடையில் கேட்டாள். கடைக்காரர் முதலில் சிவப்பாக, பளபளப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். ரப்பர் இல்லையாம், வேறு சரக்காம். "இது ஆயுசுக்கும் தேயாதுங்க" என்றார். அனுசுயா நகத்தால் அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

"தேயாதது எனக்கு எதுக்குங்க? அடிய அது வாங்கணும். அது வாங்காட்டி உள்ள இருக்கிறவுகதான வாங்கணும்."

கறுப்பு ரப்பரையே அழுத்தி அழுத்திப் பார்த்து, மேலே கோடு விழுந்திருந்ததை ஒதுக்கிவிட்டு, மற்றதை வாங்கி வந்தாள்.

ஞாயிறு காலையில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்து, சக்கரங்களையும் பிறகு கமான் பட்டைகளின் முனைகளையும் கழற்றினாள். முன்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா பூவாத்தாள் வெளியே வந்து பார்த்தாள்.

"ஏங்கண்ணு, மெக்கானிக்கக் கூப்புடலாமில்ல? இந்த வெயில்ல கெடந்து எதுக்குப் பாடுபடற?"

"கூப்பிட்டேம்மா. கொண்டாந்து விட்டுட்டுப் போங்க, பொறவு பாக்கலாம்ங்காக. நாளைக்குத் தரணீதரன் வந்துருவான்லா."

சகாயராஜ் ஒரு நீண்ட போல்ட்டும் இரும்புக் குழாய்த் துண்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போல்ட்டை வளையத்துக்குள் விட்டு நட்டைத் திருகத் திருக, செத்த புஷ் துருவோடு முனகிக்கொண்டு குழாய்க்குள் வந்து விழுந்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட் துணியால் வளையத்தைத் துடைத்தாள். சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை அதே போல்ட்டால் உள்ளே இழுத்தாள். அது நேராகப் போகாமல் ஒரு முறை சாய்ந்தது. மறுபடி எடுத்து, மறுபடி வைத்தாள். இரண்டு பக்கமும் முடிந்தபோது வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. பட்டைகளைத் தூக்கி மாட்டி, ஸ்பேனரைப் பிடித்து முழு பலத்தோடு இறுக்கப் போனாள்.

"ஏளா, இறுக்காத."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இசக்கிமுத்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பட்ட தொங்குதப்ப இறுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். வண்டி எறங்குனா பிஞ்சிரும். சக்கரத்த மாட்டு, தரையில எறக்கு. பொறவு இறுக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "பின்சீட்டுல ஆளு உக்காந்திருந்தா நல்லது. ஓடுத பாரம் அப்பத்தான் வரும்."

"ஆளுக்கு எங்க போவேன்?"

"நா வேணா உக்காந்துக்கறேன் கண்ணு" என்றாள் பூவாத்தாள்.

அனுசுயா சக்கரங்களை மாட்டினாள். ஜாக்கியை இறக்கி நிமிர்ந்தபோது, இடுப்பில் பெல்ட்டோடு இசக்கிமுத்து படியைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். அவள் கை கொடுக்கப் போய், கொடுக்காமல், கதவை மட்டும் திறந்துவிட்டு நின்றாள். அவன் காரின் கூரையைப் பிடித்து, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தான். வண்டி லேசாகப் பின்னால் அமுங்கியது. எந்தச் சத்தமும் இல்லை.

அவள் பக்கவாட்டில் படுத்துக் கையை உள்ளே விட்டு இறுக்கினாள்.

"வலிக்கா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"நிக்குத வண்டியில என்ன வலி? நீ பாத்து இறுக்கு."

மறுபக்கம் போய்ப் படுத்தாள். இந்த முறை அவன்தான் பேசினான்.

"நான் பின்னால உக்காந்ததே இல்ல அனு. இங்கயிருந்து பாத்தா ரோடு பூரா தெரியுது."

அவள் இறுக்கி முடித்து எழுந்தாள். முழங்கையெல்லாம் கிரீஸ். துடைத்துக்கொண்டே, பயம் தெரியாத குரலில் சொல்லப் பார்த்தாள்.

"சரி, எறங்குங்க. மொதல்ல நான் மட்டும் முக்கு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாரேன். சத்தம் இருந்தாத் தெரிஞ்சிரும்."

இசக்கிமுத்து இறங்கவில்லை. வெளியே சாலையைப் பார்த்தான். அந்தக் குழிகள் இன்னும் மூடப்படவில்லை. இடுப்பு பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டான். தன் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினான். பிறகு, வாடகைக்கு வருகிறவர்கள் கிளம்பலாம் என்று சொல்வார்களே அதுபோல, காலியாக இருந்த டிரைவர் சீட்டின் முதுகில் உள்ளங்கையால் தட்டினான்.