இலையில் பூசிய நகச்சாயம்

தெப்ராவில் எனக்குச் சொந்தமாக எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நாற்றுப் பண்ணை இருக்கிறது. மூணாம் வகுப்போடு நின்றவன், யார் தயவும் இல்லாமல் நானே உண்டாக்கினேன். ஜோகூர் மாநிலம் முழுக்க என் கன்றுதான் போகிறது. நேற்று அங்கே, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் ஓர் இலையின் அடிப்பக்கம் நகச்சாயம் தடவினாள். காய்ந்ததும் அதை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, இலைத்துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்தாள்.

"வந்து பாருங்கப்பா, குட்டி வாய் மாதிரி இருக்கு!"

எனக்கு அந்தச் சாயத்தின் வாடைதான் மூக்கில் ஏறியது. நான் சிறுவனாயிருந்தபோது, சாஆ என்ற ஊரின் தோட்டத்தில் என் அக்கா வெறுங்கையால் களைமருந்து அடித்தாள். நகமெல்லாம் வெளுத்து ஆடியது. பெண் பார்க்க வந்த அன்று, தெரியாமலிருக்க அம்மா சிவப்புச் சாயம் பூசிவிட்டாள். அக்கா தேநீர்த் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா வாஞ்சையாக விரலைப் பிடித்தாள். ஒரு நகம் கழன்று தட்டில் விழுந்தது.

"இந்தக் கையாலயா சமைப்பே?" என்று எழுந்து போனாள். அப்புறம் அக்காவைக் கேட்டு யாருமே வரவில்லை.

நான் பண்ணைக்குள் நடந்தேன். மருந்தடிக்கும் முனியம்மா டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டும்மா."

"ஒன்னுமில்ல லா முதலாளி" என்று விரல்களைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.