முக்கில் கட்டிய படம்

வருகிற மாதம் எங்கள் தெருவில் மறுபடியும் இரண்டு நாள் விழா இருக்கிறது. சனிக்கிழமை பிள்ளைகள் நீளச் சுவரில் ஓவியம் வரைவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாயனமும் தவிலும். இரண்டு நாளும், பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டின் முகப்பைத் திறந்து உள்ளே புகைப்படங்கள் மாட்டுவார்கள். விளக்கும் மைக்கும் என் பொறுப்பு. பிளக்ஸ் கட்டுகிற வேலையை மட்டும் இந்தத் தடவை என்னிடம் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று தெருப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் தெரிந்துகொண்டே கேட்கிறார்கள். அதனால் போன வருடம் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்குடியில் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன். பத்தாவது வரை படிப்பு. என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் அம்மாவின் செல்போனை வாங்கிக்கொண்டு தெருவெல்லாம் படம் எடுப்பாள். எங்கள் தெரு நடுவில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற அண்ணன் இருக்கிறார். கரிப்பெட்டிதான். ஒரு நாள் காலையில் அவர் குனிந்து கரியை ஊதுகிறபோது இவள் படம் எடுத்துவிட்டாள். முகத்தைச் சுற்றிச் சாம்பல் பறக்கிறது. புகைக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கிறார். கலரில் பார்த்தால் பின்னால் இருந்த கட்சிப் போஸ்டர்தான் முதலில் கண்ணில் படுகிறது என்று அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றினாள். மாற்றிய பிறகு சாம்பல் ஒவ்வொரு துகளாகத் தெரிந்தது. விழாக்குழுவில் எல்லோருக்கும் அந்தப் படம் பிடித்துப் போனது. விழா விளம்பரத்துக்கே அதைப் போடலாம் என்றார்கள்.

பிளக்ஸ் அடிக்கிற கடைக்காரர் எனக்குப் பழக்கம் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. மகள் ஒன்றே ஒன்று சொன்னாள். "அப்பா, படம் பெருசா இருக்கணும். எழுத்து கீழ சின்னதா இருந்தாப் போதும்." அப்படியே செய்தேன். எட்டடி உயரத்தில் அண்ணன் முகம். அதற்குக் கீழே, ஓவியம், இசை, புகைப்படக் காட்சி, மாலை நான்கு மணி முதல், அனைவரும் வருகை தர வேண்டுகிறோம், இப்படிக்குத் தெருவாசிகள்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏணியை எடுத்துக்கொண்டு போய், மெயின் ரோடு முக்கில் கம்பத்தில் கட்டினேன். டவுன் பஸ் திரும்புகிற இடம் அது. அங்கே எதைக் கட்டினாலும் ஊரே நின்று பார்க்கும். அது எனக்குத் தெரியும். ஏன் நின்று பார்க்கிறது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் யாராவது இறந்துபோனால் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று எழுதி, அந்த மாதிரி முக்கில்தான் கட்டுவார்கள். பெரும்பாலும் கருப்பு வெள்ளையில். எடுக்கிற நேரமும் பெரும்பாலும் மாலை நான்கு மணி.

கட்டிவிட்டு நான் செக்காலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன். ஒன்பதரை மணிக்கு என் மனைவி போன் செய்தாள்.

"எங்க இருக்கீக? இஸ்திரி அண்ணன் வீட்டு முன்னாடி கூட்டமா நிக்குது. ரெண்டு பேரு மாலையோட வந்திருக்காக."

"என்ன ஆச்சு அண்ணனுக்கு?" என்றேன்.

"அதத்தான் உங்ககிட்டக் கேக்குறேன். நீங்க கட்டுன பிளக்ஸப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வாராகளாம்."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீடு பூட்டியிருந்தது. வண்டி தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. அன்றைக்குப் பார்த்து அண்ணனும் அவர் வீட்டுக்காரம்மாவும் மகளும் பிள்ளையார்பட்டிக்குப் போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்காகப் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்தப் போயிருக்கிறார்கள். பூட்டிய வீட்டையும் மூடிய வண்டியையும் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கொண்டுவரவில்லை போலிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

பேங்க் காலனியிலிருந்து வந்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எங்க சட்டை நாலு அவருகிட்டக் கெடக்கு. யாருகிட்டக் கேக்கலாம்?"

"அவருகிட்டயே கேளுங்க சார்" என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனே நடந்து வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் பிரசாதப் பை. பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் தன் முகத்தைப் பார்த்துவிட்டாராம். மாலையோடு நின்றவர்களில் ஒருவர் மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மறைக்காதீக மாமா. வாங்குனது வாங்கிட்டீக, வேப்பமரத்துப் பிள்ளையாருக்குப் போட்டுட்டுப் போங்க" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு கூடும் என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். ஏணியை எடுத்துப் போய்ப் பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தேன். இத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணனுக்குப் போன் வந்தது. காளையார்கோவிலிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா. அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் காரைக்குடி வழியாகப் போனவர், முக்கில் கட்டியிருந்ததைச் செல்லில் படம் பிடித்து அனுப்பிவிட்டார். அண்ணன் கை கரியாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டி மேல் வைத்திருந்தார். எனக்கும் கேட்டது.

"யாரு பேசுறது?"

"நான்தான் மதினி பேசுறேன்."

அந்த அம்மா சொன்னார். "நீங்க நல்லா இருக்கீக, சந்தோசம். ஆனா நல்ல காரியத்துக்கு மூணு நாளு இருக்கையில பொண்ணோட அப்பா படம் அப்படித் தெருவுல நின்னுச்சுன்னா எங்க வீட்டுல ஒரு மாதிரியாப் பேசுறாக. ஞாயித்துக்கிழமை வேணாம். கொஞ்சம் தள்ளி வச்சுக்குவோம்."

எங்கள் பக்கத்தில் தள்ளி வச்சுக்குவோம் என்றால் அநேகமாக அது நடக்காது. அண்ணன் பெட்டியை எடுத்துச் சட்டையில் வைத்தார். காலர் தீய்ந்து போனது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு துணியைத் தீய்த்து நான் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் அவர் மகள் பிரசாதப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருக்கும்.

சாயந்தரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தப் படத்துல என்னப்பா தப்பு?"

"படத்துல ஒண்ணும் தப்பில்ல ஆத்தா. நான் கட்டுன இடம் தப்பு. எழுத்துச் சின்னதாப் போனது தப்பு."

"எழுத்தச் சின்னதாப் போடச் சொன்னது நான்தான்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கழித்து, "இஸ்திரி மாமாகிட்ட ஒரு படம் எடுத்துக்கிறேன்னுதான் கேட்டேன். முக்குல போடுவோம்னு கேக்கல" என்றாள்.

நானும் கேட்கவில்லை. விழாக்குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மனிதரின் முகத்தை எட்டடிக்கு அடிக்க அத்தனை பேரிடம் யோசனை கேட்டோம். தினமும் பார்க்கிற அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனும் நானும் காளையார்கோவில் பஸ் ஏறினோம். மகளும் வருவேன் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். காட்சிக்காகக் கண்ணாடி போட்டு வைத்திருந்த படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். எனக்கு அது அரை மனசுதான்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே எங்களை வரவேற்று உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் கட்டுனீகளா?"

"ஆமாக்கா. அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல. என் புத்தி."

"உங்க வீட்டுச் சுவத்துல யாரு படம் மாட்டியிருக்கீக?"

"எங்க அப்பா படம். அம்மா படம்."

"ரெண்டு பேரும் இருக்காகளா?"

"இல்லக்கா."

"பின்ன?" என்றார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. அவர் வீட்டுச் சுவரிலும் அவர் வீட்டுக்காரர் படம் ஒன்றுதான் இருந்தது. அதற்குச் சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது என் மகள் துண்டைப் பிரித்தாள். "அத்தை, இத ஒரு தடவ கிட்டத்துல பாருங்க. போன்ல பாத்தது வேற."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடி போட்டு மடியில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு மூடுனாப்புல இருக்கே" என்றார்.

"கரி ஊதுறப்ப யாரு மதினி கண்ணத் தொறப்பா?" என்றார் அண்ணன்.

"இதென்ன வெள்ளை வெள்ளையா?"

"சாம்பல், அத்தை. கலர்ல அது தெரியல. அதுக்காகத்தான் இப்படி" என்றாள் என் மகள்.

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. வீட்டுல நாலு பேரு இருக்காக, அவுககிட்டக் கேக்கணும். வாரோமா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுக்கங்க." அவ்வளவுதான். நாங்கள் எழுந்துகொண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மகள் அண்ணனிடம் கேட்டாள். "மாமா, இந்தப் படத்தக் காட்சியில மாட்டலாமா? வேணாம்னா மாட்டல."

அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் கல்லல் ஊரைத் தாண்டும்போது சொன்னார். "இப்பவாச்சும் கேட்டியே. மாட்டு."

"அவுக வந்து பாத்தா?"

"பாக்கட்டும். நீ எடுத்து ஒளிச்சு வச்சா அதுல ஏதோ இருக்குன்னு ஆயிரும். என் வண்டிய அங்குட்டு அந்தப் படத்துக்கு முன்னால தள்ளிட்டு வந்துர்றேன். ரெண்டு நாளும் அங்கதான் இஸ்திரி. பாக்குறவுக மேலயும் பாக்கட்டும், கீழயும் பாக்கட்டும்."

அப்படியே நடந்தது. பெரிய வீட்டு முகப்பில் அவர் படம். இரண்டு படி கீழே அவர் வண்டி. சனிக்கிழமை வந்த கூட்டத்தில் பாதிப் பேர் மற்ற படங்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். "அண்ணே, ஒரு தடவ ஊதுங்க" என்று செல்போனைத் தூக்கினார்கள். "ஊதுனா உங்க சட்டைலதான் சாம்பல் விழும்" என்றார் அவர். பேங்க் காலனிக்காரர் தன் நான்கு சட்டையையும் வாங்கிக்கொண்டு போனார். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தெருப் பிள்ளைகள் சுவரில் ஒரு இஸ்திரி வண்டியை வரைந்து அதற்கு இறக்கை வைத்திருந்தார்கள். ஏன் இறக்கை என்று கேட்டதற்கு, சும்மா என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் மூன்றரையிலிருந்து நாலரை வரை. நான் மைக் ஒயரைச் சரி பார்ப்பதுபோல முக்குக்கும் முகப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். மூன்றரை ஆனது. நாலு ஆனது. அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தும் வண்டியை விட்டு நகரவில்லை. துணி எதுவும் பாக்கி இல்லை. தேய்த்த ஒரு துண்டையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு ஜன்னலில் பட்டுப்புடவை நிழல் வந்து வந்து போனது. நாயனக்காரர் என்னிடம், "ஆரம்பிக்கவா தம்பி?" என்றார். "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன். எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

நாலு பத்துக்கு ஒரு வேன் முக்கில் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கினார். கையில் பூக்கூடை இருந்தது. ஆனால் அவர் பெண் வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராகப் பெரிய வீட்டு முகப்புக்கு வந்தார். கூட வந்த பெண்கள் நாலு பேரும் அவர் பின்னால் வந்தார்கள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு வண்டிக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். என் மகள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

அவர்களில் வயதான ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார். "படத்துல இருக்கிறதவிட நேர்ல கொஞ்சம் கறுப்பு."

கூட வந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. அண்ணனிடம் திரும்பி, "ஊருத் துணியெல்லாம் தேச்சது போதும். பெட்டிய எறக்கி வச்சுட்டுக் கையக் கழுவுங்க. நேரம் போகுதுல்ல" என்றார்.

அண்ணன் கைகழுவ ஓடினார். அத்தனை வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பெண்கள் பூக்கூடையோடு அவர் வீட்டுக்குள் போனார்கள். நான் நாயனக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், உள்ளே பெண்கள் குலவை போடுகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமையிலிருந்து நான் சரியாக உட்காரவே இல்லை. அப்போதுதான் அந்த முகப்புப் படியில் உட்கார்ந்தேன்.