பதினாறு மாதம் ஊட்டினேன்

என் வீட்டுக்காரர் பதினாறு மாதம் என் கையால்தான் சாப்பிட்டார். இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். பச்சைக்கொடி காட்டினால் ரயிலே கிளம்பும். ஒருநாள் காலையில் முகம் கழுவப் போனவர் அப்படியே சுவரோடு சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வாய் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பிய அன்று, இனி இந்த மனுஷன் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடக் கூடாது என்று மனசுக்குள் சபதம் போட்டேன். போட்ட சபதத்தை நிறைவேற்றியும் காட்டினேன்.

இங்கே பர்மாவில், லத்தாக் கடைத்தெருவில் மருந்து மொத்தக் கடை ஒன்றில் இருபது வருஷம் வேலை பார்த்தேன். அதை விட்டேன். எங்கள் வீடு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் மூன்றாம் மாடி. அகலம் கிடையாது, நீளம் மட்டும் உண்டு. முன்னால் பால்கனி, கடைசியில் அடுப்படி, அதற்கும் பின்னால் கக்கூஸ். காற்று வரட்டும் என்று கட்டிலைப் பால்கனிப் பக்கம் போட்டேன். அங்கிருந்து கடைசி வரைக்கும் அவரை நடத்திக் கூட்டிப் போவதாவது! பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டி, கீழே வாளி வைத்து, எல்லாவற்றையும் கட்டிலோரமே முடித்துவிடுவேன். பல் தேய்த்துவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். ஆரம்பத்தில் அவருடைய இடது கை கரண்டிப் பக்கம் வரும். "விடுங்க, சிந்திடுவீங்க" என்று தட்டிவிடுவேன். ரெண்டு மூன்று மாதத்தில் அந்தக் கை வருவதை நிறுத்திக்கொண்டது.

பார்க்க வந்த கூட்டத்தைச் சொல்ல வேண்டும். ஆரஞ்சுப் பழமும் பிஸ்கெட்டும் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வருவார்கள். அவரைப் பார்த்து ரெண்டு 'ச்சொ', என்னைப் பார்த்து நாலு 'அடேயப்பா'. "இந்தக் காலத்துல யாரு செய்வா இப்படி?" என்பார்கள். டீயைக் குடித்துவிட்டு, அவர் காதில் விழும்படியே 'இப்படிக் கிடக்கிறதுக்குப் போய்ச் சேரலாம்' என்று பேசிக்கொண்டே படியிறங்குவார்கள். ஒருத்தராவது ஒருநாள் வாளியைக் கழுவியிருப்பார்களா? கீழ்வீட்டுப் பர்மாக்கார அக்கா வேறே. மமாஜீ என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவளுக்கு எல்லாமே குதோ, அதாவது புண்ணியம். "ஞீமா, தங்கச்சி, உனக்கு எவ்வளவு குதோ சேருது தெரியுமா?" என்று கன்னத்தில் கை வைப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அது கேட்க இனிக்கத்தான் செய்தது.

இந்த இனிப்பில் மண்ணைப் போட ஒருத்தி ஜப்பானில் உட்கார்ந்திருந்தாள். நான் பெற்ற மகள்தான். இங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் எட்டு மாதம் படித்தாள். எப்படிக் குனிந்து வணக்கம் சொல்வது, ரப்பர் பொம்மைக்கு எப்படிச் சட்டை மாற்றுவது, இதெல்லாம் ஒரு படிப்பு! தின்ற தட்டைக் கழுவி வைக்காத பெண், கிழவர் கிழவிகளைப் பார்த்துக்கொள்ள விமானம் ஏறிப் போனாள். அவள் போய் மூன்றாம் மாதம்தான் அவள் அப்பா விழுந்தார். திரும்பி வருகிறேன் என்று அழுதாள். திரும்பி வந்தால் மறுபடி நாட்டை விட்டு வெளியே விடுவார்களா என்று யாருக்கும் தெரியாத காலம். வராதே என்று நான்தான் சொன்னேன்.

அவள் இருப்பது மலைக்குள்ளே ஒரு கிராமம். பெற்ற பிள்ளைகளெல்லாம் பட்டணத்துக்கு ஓடிவிட, மிச்சம் இருப்பது எல்லாம் கிழடுகள். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்களாம். மூடின பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ரெண்டு நாள் கிழடுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, நாற்காலியில் உட்கார வைத்துக் கையைத் தூக்கு காலைத் தூக்கு என்பது, பத்து வரை உரக்க எண்ணச் சொல்வது, காகிதத்தில் பூப் படத்துக்கு வர்ணம் அடிக்கச் சொல்வது. பிறகு ஊறுகாயைக் கடித்துக்கொண்டு டீ. மகள் வீடியோவில் காட்டினாள். எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. சாகப்போகிற காலத்தில் சாமி பேரைச் சொல்லாமல் ஒன்று ரெண்டு மூன்று சொல்கிறார்கள்!

ஒரு கிழவிக்குத் தொண்ணூறு வயதாம். முதுகு வளைந்து மூக்கு தரையைத் தொடுகிறது. தனியாக இருக்கிறாள், முள்ளங்கி போடுகிறாள், தள்ளுவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்து மேட்டில் தானே ஏறுகிறாள். என் மகள் பின்னாலேயே போகிறாள், விரல்கூட வைக்கவில்லை.

"பிடிடி அவளை! வேடிக்கை பாக்குறதுக்கா உன்னை அங்க கூப்பிட்டாங்க?" என்றேன்.

அவள் பர்மியில் பேசுவாள், நான் தமிழில் திட்டுவேன், எங்கள் வழக்கம் அது. கோபம் வந்தால் மட்டும் அவளும் தமிழுக்கு வருவாள். அன்றைக்கு வந்தாள். "அம்மா, அவங்களால முடியுறதை நான் செஞ்சா எனக்குத்தான் இங்க திட்டு விழும். அவங்களால முடியாததுக்குத்தான் நான். நீ அப்பாகிட்ட போனைக் குடு."

கொடுப்பதாவது. அவர் முகத்துக்கு நேரே நான்தான் பிடித்திருந்தேன்.

"ஏம்மா நீயே பிடிச்சிருக்கே? அப்பாவுக்கு இடது கை இருக்குல்ல? கால் ரெண்டும் எப்படி இருக்கு, போர்வையை எடு, பாக்கறேன்" என்றாள். பார்த்தாள். போனை இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொன்னாள். "கால் மெலிஞ்சு முட்டி மடங்க ஆரம்பிச்சிருச்சும்மா. இப்படியே படுக்க வச்சிருந்தா இன்னும் ரெண்டு மூணு மாசத்துல நீட்ட வராது. அப்புறம் யார் நினைச்சாலும் அப்பாவை நிக்க வைக்க முடியாது. தினமும் எழுப்பு. சாப்பாட்டை அவரே சாப்பிடட்டும். கக்கூசுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போ."

"முட்டையிடுற கோழிக்குத்தான் வலி தெரியும். அங்க உக்காந்து எனக்குப் பாடம் நடத்தாதே" என்று போனை வைத்துவிட்டேன். பெற்ற அப்பனை இழுத்து நடக்கவிடச் சொல்கிறாளே, ஜப்பான் காற்றுப் பட்டால் நெஞ்சு கல்லாகிவிடுமா என்று மமாஜீயிடம் பொரிந்து தள்ளினேன். அவளும் ஆமாம் போட்டாள். ஆனால் அன்று ராத்திரி போர்வையைச் சரி செய்தபோது அந்த முட்டியை நீட்டிப் பார்த்தேன். முக்கால்வாசிதான் வந்தது. பயம் வந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, ஊட்டுவதையும் நிறுத்தவில்லை.

அந்த வாரமே சாமி எனக்கு வைத்தது ஆப்பு. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது இடுப்பில் சுளீரென்றது. அவரைக் கட்டில் விளிம்பிலேயே விட்டுவிட்டுத் தரையில் சாய்ந்தேன். சாய்ந்தவள்தான், புரளக்கூட முடியவில்லை. தரையில் கிடந்தபடியே மமாஜீக்குப் போன் செய்தேன். அவளுக்கு முட்டிவலி, மூன்று மாடி ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடும். "பசியாற மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கயித்துல மாட்டுறேன், இழுத்துக்க. மகன் வேலை விட்டு சாயங்காலம் வந்ததும் மேலே அனுப்புறேன்" என்றாள். பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற கயிறு எல்லா வீட்டிலும் உண்டு, பேப்பரும் காய்கறியும் அதில்தான் மேலே வரும். இழுக்க ஆள் வேண்டுமே, யார் இழுப்பது?

கயிற்றில் கட்டிய மணியைக் கீழேயிருந்து ஆட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கட்டிலோரமே பால்கனிக் கம்பி. இடது கையால் அதைப் பிடித்தார், கயிற்றைத் தொட்டார், ஒரு முழம் இழுத்தார். இழுத்த கயிற்றை வலது கக்கத்தில் அழுத்திக்கொண்டு மறுபடி ஒரு முழம். "விட்டுடுங்க, கொட்டிடும்! உங்களால ஆகுற காரியமா இது?" என்று படுத்த இடத்திலிருந்து கத்தினேன். அவர் காதில் வாங்கினால்தானே. மூன்று மாடிக் கயிற்றையும் இழுத்தார். பை வந்து சேர்ந்தபோது பாதிக் குழம்பு மடியில் கொட்டியிருந்தது. மிச்சத்தைக் கரண்டியால் தானே சாப்பிட்டார். தாடையில் வழிந்தது, கைலியில் வழிந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பதினாறு மாதம் ஒரு பருக்கை சிந்தாமல் ஊட்டினவள் நான்.

பத்து மணி இருக்கும். முகத்தைச் சுளித்தார். எனக்கு அந்தச் சுளிப்புத் தெரியும். "பொறுத்துக்குங்க, என்னால எழுந்திரிக்க முடியலை" என்றேன். ஓட்டை நாற்காலி ஒரு எட்டில்தான் இருந்தது. அவர் எழுந்து நின்றார். கால் நடுங்கியது, வலது முட்டி வளைந்தே இருந்தது. நாற்காலியில் உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். அதைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்தார்.

அடி அடியாகப் போனார். வலது பாதம் சிமென்ட்டில் தேய்கிற சத்தம். நான் தரையில் கிடந்தபடி கெஞ்சினேன், திட்டினேன், சாமியைக் கூப்பிட்டேன். அடுப்படி வாசலில் ஒரு தடவை உடம்பு ஆடியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பு போனால் போகட்டும் என்று முழங்கையை ஊன்றி ஊர்ந்தேன், விழுந்தால் என் மேலாவது விழட்டும். நான் அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். கதவு மூடியது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள்! எனக்கு எதிராக! ரெண்டு கையாலும் கதவைத் தட்டினேன். "திறங்க! உள்ள விழுந்தா நான் என்னங்க செய்வேன்? உங்களுக்கு அறிவிருக்கா?"

பதில் குழறிக் குழறி வந்தது. "வெளிய... இரு."

இருந்தேன். வேறென்ன செய்வது? தண்ணீர் மொள்ளும் சத்தம், குவளை தட்டும் சத்தம். ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்தபோது கைலியைத் தானே சுற்றியிருந்தார், கோணலாக. அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வேர்வை வழிந்த அந்த முகம் எனக்குப் பழைய கார்டு முகமாகத் தெரிந்தது. எனக்கு வந்ததோ ஆத்திரம்.

"முடியும்னா இத்தனை மாசமா ஏன் சொல்லலை? நாக்கு இல்லையா? ஒரு தலையாட்டல் கூடவா இல்லை?"

"ஆனாதே" என்றார்.

எதிராளி மனசு நோகுமே என்று தன் தேவையை விழுங்கிக்கொண்டு வாயை மூடி இருப்பதற்கு இந்த ஊரில் சொல்லும் சொல் அது. சம்பந்திக்கு முன்னால் பார்ப்பது ஆனாதே, மேலதிகாரிக்கு முன்னால் பார்ப்பது ஆனாதே. கட்டின பெண்டாட்டியிடம் பார்ப்பார்களா? வாளியில் போய்க்கொண்டு, கால் மடங்கிப்போகிற வரைக்குமா பார்ப்பார்கள்? கேட்டேன்.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நீ... சந்தோஷமா... இருந்தே."

செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. இத்தனை நாள் சொந்தக்காரர்களைத் திட்டினேன், மமாஜீயைத் திட்டினேன், ஜப்பான் முழுவதையும் திட்டினேன். அந்த மனிதரின் கால்களைத் தின்றது நான் என்று அப்போதுதான் உறைத்தது. தூ என்று துப்ப வேண்டுமென்றால் கண்ணாடியில்தான் துப்ப வேண்டும்.

சாயங்காலம் மமாஜீயின் மகன் தைலத்தைக் கொண்டுவந்து கொடுத்து, என்னைக் கட்டிலில் ஏற்றிவிட்டுப் போனான். அவர் புட்டியை வலது கக்கத்தில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகினார். திறந்துகொண்டது.

"நானே தேச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். எட்டவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து போனேன், அதுவும் எட்டவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்கிறவரைக்கும் கையை மடியிலேயே வைத்திருந்தார்.