அழுகைக்கு இருபது புள்ளி

போன கிழமை மகள் அலுமாரியைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அந்தத் தைலப் போத்தல் எங்க?"

"ஏன், தலையிடிக்குதோ?"

"இல்லையம்மா. அழுறதுக்கு."

பிள்ளை இரண்டு தரம் இருமினாலே மனத்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற ஆள் நான். தலையிடி இல்லை என்றதும் முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகுதான் மற்றச் சொல் காதில் ஏறியது. பாடசாலையில் இருவர் நாடகப் போட்டியாம். கண்ணுக்குக் கீழே தைலத்தைத் தடவினால் கண்ணீர் தன்பாட்டில் வருமென்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாவாம். போத்தலைக் கண்டெடுத்து மூடியைத் திறந்தாள். அந்த மணம் பொறுக்காமல் யன்னலைத் திறந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு முழுப்பகல் அந்த மணத்துக்குள் இருந்தவள் நான். கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மண்டபம், இதே மாதிரிப் போட்டி, மூன்று நடுவர்களில் நான் ஒருத்தி. நான் படிப்பிப்பது கணக்கு. வரவேண்டிய தமிழ் டீச்சருக்குக் காய்ச்சல் என்றதும், புள்ளியைப் பிழையில்லாமல் கூட்டவாவது உதவுவேன் என்று பிடித்து இருத்தியிருப்பார்கள். ஒரு காலத்தில் நானும் மேடையேறியவள் என்ற பெருமை உள்ளுக்குள் கிடந்ததால் நானும் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்.

முதல் சோடி வந்தது. மேடையில் பங்கர், அந்தப் பதுங்குகுழிக்குள் தாயும் மகளும். மகள் செத்தாள், தாய் கதறினாள். அடுத்த சோடி, பங்கருக்குள் அண்ணனும் தம்பியும். தம்பி செத்தான். அதற்கடுத்ததில் கைக்குழந்தை, துணியைச் சுருட்டிச் செய்தது. மேடையோரத்தில் ஒவ்வொரு பாடசாலை ஆசிரியரும் கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் பொருத்தி, செல் குண்டு விழுகிற சத்தத்தை இடமறிந்து போட்டார். ஒரு தரம் விரல் பிசகி ஏதோ சவர்க்கார விளம்பரப் பாட்டு வந்தது. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டைக்குள் சிவப்புச் சாயப் பை, முகமெல்லாம் தைலம். அந்தப் பிள்ளைகளில் பலர் சண்டை நடந்த அந்த நாட்களில் பிறந்தே இருக்கவில்லை.

ஒரு பையன் செத்து முடிந்ததும், திரை மூட முதலே எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு ஆசிரியரைப் பார்த்தான்.

"சேர், விழுந்தது சரியோ?"

"பழகேக்க இதைவிட நல்லா விழுந்தனி."

பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. சாகப் பழக்கியவர்களை நினைக்கத்தான் அருவருப்பாக இருந்தது. பக்கத்துக் கதிரையில் நெளுக்குளத்திலிருந்து வந்த ஒரு சேர். நல்ல மனுசன், வடை வந்தால் முதலில் எனக்கு நீட்டுவார். வாய்க்குள் வடையோடு குனிந்து கேட்டார்:

"டீச்சர், இந்தச் சோடிக்கு அழுகை காணாது, என்ன? உணர்ச்சிக்கு இருபதில பன்னிரண்டுதான் போட்டனான். நீங்க?"

"செத்தவவுக்கோ, அழுதவவுக்கோ சேர்?"

"என்ன டீச்சர், பகிடியோ?"

"ஓம் சேர். பகிடிதான்."

எங்கள் பங்கருக்குள் ஒருவரும் கதறவில்லை. குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்திவைத்திருந்தோம். அடுத்தது எந்தப் பக்கம் விழப்போகிறது என்று கேட்பதற்குக் காது வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் அந்தச் சேர் உணர்ச்சிக்கு ஐந்து புள்ளிதான் போட்டிருப்பார்.

பின்னேரம் போல் துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பஸ் கொண்டக்டர். மற்றவன் முழுப் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, அது தன் வயிறுதான் என்று சாதிக்கிற பயணி. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மண்டபத்தில் என் சத்தம் மட்டும் கேட்டது. அவர்களுக்குத்தான் கடைசி இடம். "இதில சமூகத்துக்கு என்ன செய்தி இருக்கு?" என்றார் நெளுக்குளத்துச் சேர்.

செய்தி என்றதும் எனக்கு என்னோடு படித்த கலாதான் ஞாபகம் வந்தாள்.

நாங்கள் இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இருந்த காலம். மரங்களுக்குக் கீழேதான் வகுப்பு. அரசாங்கம் தடை போட்டிருந்ததால் பற்றறி உள்ளே வராது. சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ கரண்டில் வானொலி பாடும். மிதிப்பவருக்கு மூச்சு வாங்கினால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் படுத்துவிடும். கலாவும் நானும் அதையே இருவர் நாடகமாக்கினோம். நான் வானொலியில் காதை ஒட்டிவைத்திருக்கிற பெண்சாதி. அவள் மிதிக்கிற புருசன். சைக்கிள்கூட இல்லை, ஒரு கதிரையில் இருந்து காற்றை மிதிப்பாள்.

"மிதியுங்கோப்பா, சத்தம் படுக்குது!" என்பேன் நான். அதற்கு அவள் ஒன்று சொல்லுவாள். சனம் உருண்டுபோய்ச் சிரிக்கும். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பார். ஒரு நாள் நடுவில் குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தது. எல்லாரும் குழிக்குள் ஓடி, அது போனபின் ஏறி வந்து, உடுப்பில் மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்ப நிலத்தில் குந்தினார்கள்.

"விட்ட இடத்தில இருந்து நடியுங்கோ பிள்ளையள்!" என்று ஒரு ஐயா கத்தினார்.

கலாவைச் சண்டையின் கடைசி நாட்களில் கடற்கரைப் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

மகள் தைலத்தை விரலில் தொட்டுக்கொண்டு கேட்டாள்: "நீங்க பங்கருக்க இருந்தனீங்கதானேம்மா. எப்பிடி அழுதனீங்கள் எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்கோ. நான்தான் பிள்ளை செத்த தாய். உங்களிட்டக் கேட்டுப் பழகினா முதலாமிடம் நிச்சயமாம், டீச்சர் சொன்னவா."

போத்தலைப் பறித்துக்கொண்டேன். பறித்த வேகத்தில் பாதித் தைலம் சேலையில் ஊற்றுண்டது.

"அதை நீ நடிக்கக்கூடாது."

"அப்ப என்னத்தை நடிக்கிறது? நீங்களே ஒண்டு சொல்லித் தாங்கோவன்!"

சொல்லித் தந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தி, காற்றை மிதிக்கச் சொன்னேன். டைனமோவை விளங்கப்படுத்தவே நேரம் போனது. பிறகு நான் காதைச் சாய்த்து, அந்தப் பழைய குரலில், "மிதியுங்கோப்பா, சத்தம் படுக்குது!" என்றேன். மகள் கலகலவென்று சிரித்தாள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"இப்ப நான் என்ன சொல்லோணும்?"

என் அடுத்த வசனம் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். கலாவின் வசனங்கள் ஒன்றுகூட இல்லை. அவள் ஒருநாள் சொன்னதை மறுநாள் சொல்லமாட்டாள், எழுதிவைக்கவும் இல்லை.

மகள் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டே காத்திருந்தாள். பிறகு காலை நிறுத்தி, என் கையைத் தொட்டு, மெதுவாகச் சொன்னாள்: "பாதிதானேம்மா இருக்கு. பாதியை வைச்சு இருவர் நாடகம் போடேலாது."

வெளியே போய்ச் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்தாள். "ஓமடி, பழையதையே செய்வம். உங்கட வீட்டில தைலம் இருக்கோ?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

நான் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சனம் எந்தெந்த இடத்தில் சிரித்தது என்பது எனக்கு இன்னும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. எதற்குச் சிரித்தது என்பதுதான் இல்லை.